ஒரே பாடம், 48 மனங்கள்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

எங்கள் வகுப்பில் 48 மாணவியர். ஒரே கரும்பலகை, ஒரே ஆசிரியை, ஒரே பாடநூல். மணி அடித்ததும் அனைவரும் ஒன்றாக எழுந்து செபம் சொல்லி ஒன்றாக அமர்கிறோம். ஆனால் பாடம் முடியும்போது எங்கள் தலைக்குள் இருப்பது ஒன்றாக இல்லை. ஒருத்திக்குக் கேட்டவுடனே விளங்கிவிடுகிறது. இன்னொருத்திக்கு வீட்டுக்குப் போய்த் தனியே உட்கார்ந்தால்தான் விளங்குகிறது. மற்றொருத்திக்கோ பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்கே விளங்குகிறது. "ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கின்றன?" என்று பெரியவர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள். விரல்கள் ஒன்றாக இல்லை என்பது தெரிந்ததுதானே! எந்த விரலுக்கு எந்த வேலை வரும் என்று அறிவதல்லவா முக்கியம்?

இதைப் பற்றி ஒரு தந்தை தம் வீட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார். அவர் பிரான்சு நாட்டு உளவியல் அறிஞர் ஆல்பிரட் பினே (1857–1911). அவருக்கு மதலேன், அலிஸ் என்று இரண்டு பெண் குழந்தைகள். அவர்கள் நடை பயின்றபோதே அவர் குறிப்பெடுக்கத் தொடங்கினார். மூத்தவள் மதலேன் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் உள்ள ஒரு பொருளைப் பார்த்து வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், நேராக அதனிடம் போய்ச் சேருவாள். இளையவள் அலிஸ் அப்படியல்ல. சிரித்துக்கொண்டும் கையை ஆட்டிக்கொண்டும் அறையின் நடுவே தள்ளாடிப் போவாள். விழுவோமே என்ற கவலையே அவளுக்கு இல்லை. ஒரே தாய் தந்தை, ஒரே வீடு, ஒரே உணவு. ஆனாலும் இரண்டு நடை!

அவர்கள் வளர்ந்த பின்னரும் பினே விடவில்லை. பல சிறு சோதனைகள் கொடுத்து, 1903ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவர்களுக்கு மார்கரித், அர்மாந்த் என்று வேறு பெயரிட்டு எழுதினார். அவற்றுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. உதிர்ந்த இலை ஒன்றைக் கொடுத்து அதைப் பற்றி எழுதச் சொன்னார். மூத்தவள் அதன் நிறம், வடிவம், காம்பு, சிற்றிலைகள் என்று கண்ணால் கண்டதை வரிசையாக எழுதினாள். இளையவளோ இலையுதிர்காலக் காற்றையும், இலை சோர்ந்து விழுந்ததையும் கற்பனை கலந்து எழுதினாள். இவர்களில் யார் கெட்டிக்காரி? அறிவியல் ஏட்டுக்கு மூத்தவள் மதிப்பெண் வாங்குவாள். கட்டுரை ஏட்டுக்கு இளையவள் வாங்குவாள். தந்தை இருவருக்கும் மதிப்பெண் போடவில்லை. இருவரையும் அறிந்துகொண்டார்.

நூலக நேரத்தில் இதைப் படித்ததும் நாங்களும் செய்து பார்க்க விரும்பினோம். மாதா கெபிக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில் ஆளுக்கொரு இலை பொறுக்கிக்கொண்டோம். நான் ஒரு பக்கம் நிறைய எழுதினேன். கிளையைப் பிரிந்த சோகம், தாயை விட்டு விடுதிக்கு வந்த சிறுமி என்றெல்லாம் எழுதிவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தேன். என் பக்கத்தில் அமரும் தோழி ஆறே வரிதான் எழுதியிருந்தாள். நுனியிலுள்ள சிற்றிலை மற்றவற்றைவிடப் பெரியது. பூச்சி அரித்த ஓட்டையைச் சுற்றி மட்டும் விளிம்பு பழுப்பாகியிருக்கிறது. ஆகவே இலை மரத்திலிருந்தபோதே பூச்சி அரித்திருக்க வேண்டும் என்று முடித்திருந்தாள். என் இலையிலும் ஓட்டை இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

இந்தத் தோழி வகுப்பில் பேசவே மாட்டாள். மூன்று ஆண்டுகளாக அவளை 'மந்தம்' என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். 'நாங்கள்' என்று எழுதி மறைந்துகொள்வது சரியல்ல. நான் நினைத்திருந்தேன்.

சுவிட்சர்லாந்து அறிஞர் கார்ல் யுங் 1921ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் மனிதர்களின் மனப்போக்கை அகமுகம், புறமுகம் என இரு வகையாகப் பிரித்தார். புறமுகமானவர்களின் நாட்டம் வெளியுலகை நோக்கியது. அவர்கள் பேசிக்கொண்டே யோசிப்பார்கள். அகமுகமானவர்களின் நாட்டம் உள்நோக்கியது. அவர்கள் யோசித்த பிறகே பேசுவார்கள். இவை இரண்டு பெட்டிகள் அல்ல, பலர் நடுவில்தான் இருக்கிறார்கள் என்று பின்வந்தவர்கள் காட்டினார்கள். எப்படியாயினும் வகுப்பறை என்பது பெரும்பாலும் முதல் வகையினருக்கென்றே அமைந்த இடமாக இருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆசிரியப் பெருமாட்டி 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஒரு கேள்வியைக் கேட்டபின் ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடிதான் பொறுத்திருந்தார்கள்! மூன்று நொடி அல்லது அதற்கு மேல் பொறுக்கச் செய்தபோது விடைகள் நீண்டன. வாய் திறவாதவர்களும் விடை சொன்னார்கள். 'தெரியாது' என்பது குறைந்தது.

அந்த ஒரு நொடியில் கையைத் தூக்குகிறவள் நான்தான். ஆகவே என் தோழி பேசாததற்கு அவள் சுபாவம் மட்டும் காரணமல்ல. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் ஒரு காரணம். இது எனக்குத் தோன்றிய அன்று இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. மறுநாள் எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் சொன்னேன். அவர்கள் சிரித்துவிட்டு, "அப்படியானால் நானும் காத்திருக்கப் பழகவேண்டும்" என்றார்கள். அன்று முதல், கேள்வி கேட்டபின் சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தலையசைக்கும் வரை யாரும் கை தூக்கக்கூடாது.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பின் பெஞ்சில் சிரிப்புத்தான் கேட்டது. இரண்டாம் வாரம், தொடரிணைப்பில் இன்னொரு விளக்கைச் சேர்த்தால் மற்ற விளக்குகள் ஏன் மங்குகின்றன என்று சிஸ்டர் கேட்டார்கள். மின்தடை கூடுகிறது, மின்னோட்டம் குறைகிறது என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. சிஸ்டர் தலையசைத்தபோது என் தோழியின் கை பாதி உயர்ந்து நின்றது. அவள் எழுந்து நான் நினைத்ததையே சொல்லிவிட்டு, "ஆனால் வீட்டில் அப்படி மங்குவதில்லை, அங்கே பக்க இணைப்பு, ஒவ்வொரு விளக்குக்கும் முழு மின்னழுத்தம் கிடைக்கிறது" என்று சேர்த்துச் சொன்னாள். என்னிடம் இருந்தது பாதி விடைதான்.

இதனால் அமைதியானவர்களே அறிவாளிகள் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு வாய்விட்டுப் பேசினால்தான் பாடம் மனத்தில் நிற்கிறது. அந்த மூன்று நொடி மௌனம் எனக்கு ஒரு தவம்! எங்கள் இருவருக்கும் இடம் தருகிற வகுப்பு வேண்டும் என்பதே என் விருப்பம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். "எனக்குப் படம் பார்த்தால்தான் ஏறும்", "எனக்குக் காதால் கேட்டால்தான் ஏறும்" என்று சிலர் தங்களுக்கு ஒரு முத்திரை குத்திக்கொள்கிறார்கள். 2008ஆம் ஆண்டு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் நால்வர் இதைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் சோதித்தார்கள். அந்தந்த முத்திரைக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது எல்லாருக்கும் பயன் தருகிறது. வேறுபாடு கண்ணிலும் காதிலும் இருப்பதைவிட, துணிவிலும் பொறுமையிலும் அச்சத்திலும் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அச்சம் என்றதும் எர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908ஆம் ஆண்டு எலிகளை வைத்துச் செய்த சோதனை நினைவுக்கு வருகிறது. எளிய வேலையைக் கற்க எலிக்குச் சற்றுக் கடுமையான மின்னதிர்ச்சியும் உதவியது. கடினமான வேலையிலோ அதே கடுமை கற்பதைக் கெடுத்தது. நாங்கள் எலிகள் அல்லதான். ஆனாலும் கணக்கில் மிரட்டல் ஏன் பலிப்பதில்லை என்பதை அம்மாக்களும் அப்பாக்களும் யோசித்துப் பார்க்கலாம்.

குணங்களுள் படிப்புக்கு மிகவும் துணையாவது எது? 2009ஆம் ஆண்டு ஆர்தர் போரோபாட் என்ற அறிஞர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பொறுப்புணர்ச்சி என்ற குணத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு, அறிவுக்கூர்மைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்புக்கு ஏறத்தாழ நிகராக இருந்ததாம். இதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியைவிட வெட்கமே அதிகம். என் வரைபட ஏடு இன்னும் முடியவில்லை.

நம் திருச்சபையின் புனிதர்களைப் பாருங்கள். புனித அக்குவினாஸ் தோமையார் மாணவராயிருந்தபோது பேசாமல் இருந்ததால் உடன்பயின்றோர் அவரை 'ஊமை எருது' என்று கேலி செய்தார்களாம். ஆசிரியர் புனித பெரிய ஆல்பர்ட் மட்டும் அவரை அறிந்துகொண்டார். புனித இஞ்ஞாசியார் 33 வயதில் பார்சலோனா நகரில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்றார். புனித ஜான் மரிய வியான்னிக்கோ அந்த இலத்தீன் எவ்வளவு முயன்றும் வரவில்லை. குருமடத்திலிருந்து அனுப்பப்பட்ட அவருக்குப் பங்குக்குரு ஒருவர் பொறுமையோடு தாய்மொழியிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். 1815ஆம் ஆண்டு குருவான அவரைத் தேடி, பின்னாளில் ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அந்தப் பங்குக்குரு அன்று கைவிட்டிருந்தால்?

பினேயிடமே திரும்பி வருகிறேன். அவரும் சிமோன் என்பவரும் 1905ஆம் ஆண்டு அறிவை அளக்க ஓர் அளவுகோல் செய்தார்கள். பள்ளியில் தனி உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். பின்னர் வேறு நாடுகளில் பலர் அதை ஆளுக்கு ஆள் தரம் பிரிக்கும் கருவியாக்கிக்கொண்டார்கள். அறிவு என்பது கூட்டமுடியாத ஒன்று என்ற எண்ணத்தை பினே 1909ஆம் ஆண்டிலேயே எதிர்த்து எழுதியிருந்தார். தம் இரு பெண்களையும் அத்தனை ஆண்டுகள் பார்த்திருந்த ஒரு தந்தை வேறு எப்படி எழுதியிருப்பார்?

பொதுத்தேர்வு முடிந்ததும் நாங்கள் 48 பேரும் வெவ்வேறு பாடப்பிரிவுகளுக்குப் பிரிந்துவிடுவோம். என் தோழி உயிரியல் எடுக்கப் போகிறாளாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. "எப்போது சொல்வாய்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தேன். மூன்று நொடிக்கு மேலேயே ஆயிற்று. "ஞாயிறு பூசை முடிந்து அப்பாவோடு நடந்து வரும்போது" என்றாள்.