டர்போ மாற்றச் சொன்னால், முதலில் சேம்பரை இறக்கச் சொல்லுங்கள்

"டர்போ போயிருச்சுங்ண்ணா, மாத்தினாத்தான் வண்டி இழுக்கும்" என்று ஒரு மெக்கானிக் சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஏன் போச்சு? அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். என்னுடையது 2013 மாடல் டிசையர் டீசல். ஒரே வருஷத்துக்குள் இரண்டு டர்போவுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். முதல் டர்போ வண்டி ஓடிய ஓட்டத்துக்குப் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டாவதுக்குக் கட்டிய பணத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மூலனூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறேன். திருப்பூர் கம்பெனிகளில் கட்டிங் பீஸ் எடுத்துவந்து தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். டெம்போவுக்கு வேலையில்லாத சில்லறை பண்டல்களெல்லாம் கார் டிக்கியிலும் பின்சீட்டிலும்தான் ஏறும். வெள்ளகோவில், காங்கயம் வழியாக ஒரே மிதியில் திருப்பூர், கம்பெனி கேட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருப்பு, மறுபடி சுமையோடு வீடு. இதைப் படிக்கிற நீங்களும் ஏறக்குறைய இப்படித்தான் வண்டி ஓட்டுவீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் கார் எடுப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

நம் பக்கம் பழைய டர்போ கார் என்றால் பெரும்பாலும் இந்த 1.3 லிட்டர் டீசல்தான். ஃபியட் உருவாக்கிய மல்டிஜெட் இன்ஜின், 1248 சிசி. 2005-ல் அதன் அளவுக்கான பிரிவில் ஆண்டின் சிறந்த இன்ஜின் என்று சர்வதேச விருது வாங்கியது. 2007-ல் ஸ்விஃப்ட்டில் ஏறி நம்மிடம் வந்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடாவின் விஸ்டா, மான்சா, ஃபியட்டின் புன்டோ, லீனியா என்று அதே இன்ஜின் பல பெயரில் ஓடியது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டதால், இப்போது ரோட்டில் இருக்கிற டிசையர் டீசல் ஒவ்வொன்றும் வயசான வண்டி. இன்ஜினைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டேன். இந்த மைலேஜுக்கு வேறு எது இருக்கிறது? ஆனால் ஆயில் விஷயத்தில் மட்டும் அதற்குப் பொறுமை கிடையாது. மூன்று லிட்டரைச் சுற்றித்தான் மொத்த ஆயிலே. பிஸ்டனும் டர்போவும் அந்த ஆயிலில்தான் பிழைக்கின்றன. டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் நிற்கிறது. செயின் தளர்ந்து ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அது டர்போ செலவைவிடப் பெரிய கதை.

என் வண்டிக்கு வந்தது வழக்கமான நோய். மிதித்தால் பிக்-அப் இல்லை, விசில் சத்தம், பின்னால் நீலப் புகை. பெரிய போர்டு மாட்டிய ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். காலையில் விட்ட வண்டியை சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ரீகண்டிஷன் செய்த டர்போவை மாட்டி, பேரலிலிருந்து ஆயில் பிடித்து ஊற்றி, பில்லைக் கொடுத்தார்கள். இவ்வளவு சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன். அந்த வேகம்தான் வில்லங்கம். சில வாரத்தில் மறுபடி அதே விசில், அதே புகை. திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினால், "ஆயிலைச் சரியா பாக்காம ஓட்டிட்டீங்க சார்" என்கிறார் சூப்பர்வைசர். வண்டிக்குள் இருந்தது அவர்கள் ஊற்றிய ஆயில்! வாரன்டி எங்கே என்றால், டர்போவுக்குத்தான் வாரன்டி, ஆயில் கோளாறுக்கு இல்லையாம்.

வண்டியை இழுத்துக்கொண்டு தாராபுரத்தில் வயசான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் டர்போ பக்கமே போகவில்லை. ஆயிலை வடித்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரைக் கழற்றினார். அடியில் விரல் கனத்துக்குக் கறுப்புக் களிம்பு. ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக் கண்கள் அடைபட்டிருந்தன. பிறகு டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் அந்தச் சின்னக் குழாயைக் கழற்றி, ஒரு முனையில் சைக்கிள் கம்பியை விட்டார். பாதியில் நின்றுவிட்டது. தட்டித் தட்டிக் குத்தியதும் கரிக்கட்டி பொலபொலவென்று பேப்பரில் கொட்டியது. "ஏந் தம்பி, ஆயிலு போறதுக்கே வழியில்ல, புது டர்போ வந்து என்ன பண்ணும்?" என்றார். அந்தப் பழைய குழாயை இன்னும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். டர்போ போச்சென்று யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவேன்.

டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுற்றுகிறது. சின்ன டர்போக்களில் வேகம் நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்றையும் தொடும். ஒரு பக்கம் வெளிக்காற்று, இன்னொரு பக்கம் முழு மிதியில் 700 டிகிரியைத் தாண்டும் புகை. ஆயில் வரத்துக் கொஞ்சம் குறைந்தாலும் அந்தப் படலம் அறுந்து, பேரிங் தேய்ந்து, தண்டு ஆட ஆரம்பிக்கும். நன்றாக ஓடிவந்த வண்டியை நின்ற கையோடு ஆஃப் செய்தால் ஆயில் பம்ப் உடனே நின்றுவிடுகிறது, டர்போவின் சூடு நிற்பதில்லை. உள்ளே தேங்கிய ஆயில் அங்கேயே வெந்து கரியாகிறது. இப்படி வருஷக்கணக்கில் சேர்ந்த கரிதான் என் குழாயில் இருந்தது. இதற்கு மருந்து காசில்லாதது: நிறுத்தியதும் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள். கேட் வாட்ச்மேன் முறைத்தால் முறைக்கட்டும்.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. ஐரோப்பாவில் பியூஜோ, சிட்ரோயென், ஃபோர்டு கார்களில் ஓடிய 1.6 லிட்டர் டீசல் இன்ஜின் ஒன்று இதே காரியத்துக்குப் பேர் போனது. ஆயில் குழாயில் கரி அடைத்து டர்போ போகும், குழாயைப் பார்க்காமல் புது டர்போ போட்டால் அதுவும் போகும். அங்கே டர்போ விற்பவர்கள் குழாயை மாற்றி சேம்பரைச் சுத்தம் செய்ததற்கு பில் கேட்கிறார்கள், இல்லாவிட்டால் வாரன்டி இல்லை. நம் ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசருக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.

ஆகவே டர்போ மாற்றத்தான் வேண்டுமென்றால், ஆயில் வரும் குழாய் புதிதாக வேண்டும், கழுவிப் போட்டது வேண்டாம். சேம்பரும் ஸ்ட்ரெய்னரும் இறங்கியே ஆகவேண்டும். ஆயில் திரும்பி இறங்கும் குழாயும் இன்ஜினின் மூச்சுக்குழாயும் அடைத்திருந்தால், நல்ல டர்போகூட ஆயிலைக் காற்றுப் பக்கம் தள்ளும், அதைப் பார்த்து "சீல் போச்சு" என்பார்கள். பழைய டர்போ கக்கிய ஆயில் இன்டர்கூலருக்குள் தேங்கியிருக்கும், அதையும் கழற்றிக் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் இன்ஜின் அந்த ஆயிலையே டீசலாகக் குடித்துக்கொண்டு தறிகெட்டு ஓடக்கூடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டு, மேல் கியரில் போட்டு கிளட்சை விட்டு வண்டியை அமர்த்துங்கள். புது டர்போவுக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றிவிட்டுத்தான் முதல் ஸ்டார்ட். தாராபுரத்துக்காரர் இதையெல்லாம் நான் கேட்காமலே செய்தார், ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டார்.

எந்த ஆயில்? டின்னின் முன்பக்கத்துப் படத்தையும் ரேஸ் காரையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். நான் ஊற்றுவது ஃபுல் சின்தடிக் 5டபிள்யூ-40, ஏசிஇஏ ஏ3/பி4 என்று போட்டது. முதல் எண் குளிருக்கானது. மூலனூரில் மைனஸ் டிகிரி எல்லாம் கிடையாது, ஆனாலும் காலை முதல் ஸ்டார்ட்டில் ஆயில் மேலே ஏறும் வேகம் டர்போவுக்கும் செயினுக்கும் முக்கியம். இரண்டாவது எண் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது, நம் வெயிலுக்கு அதுதான் பெரிசு. ஏபிஐ தரத்தில் சி என்று தொடங்குவது டீசலுக்கு, எஸ் என்று தொடங்குவது பெட்ரோலுக்கு. சிஹெச்-4 1998-லும் சிஐ-4 2002-லும் வந்த தரங்கள், பின்னால் வந்தது புகைக்கரியை மேலும் தாங்கும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பதற்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வைத்திருப்பவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம், அவர்களுடைய புகை ஃபில்டருக்குச் சாம்பல் குறைந்த வேறு ஆயில் வேண்டும்.

என் மச்சானுக்கு இதில் உடன்பாடில்லை. முருங்கைக் காடும் டிராக்டரும் வைத்திருக்கிறார். "டிராக்டருக்கு வாங்கின 20-40 அரை கேன் கெடக்குது, ஊத்துங்க மாப்ள, இஞ்சினுக்கு இஞ்சினு ஆயிலுதானுங்களே" என்பார். பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று இன்னொரு வேதாந்தம். தேய்ந்த இன்ஜினில் சத்தம் அடங்கும் என்பது வாஸ்தவம். அடங்குவது சத்தம் மட்டும்தான், காலையில் செயின் கடகடக்கும் நேரம் கூடும். அவர் கேன் அவரிடமே இருக்கிறது.

எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்பதில்தான் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஐயாயிரம் என்பவர்கள் பழைய மினரல் ஆயில், பழைய டீசல் காலத்துக் கணக்கைச் சொல்கிறார்கள். பிஎஸ்-3 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கு, பிஎஸ்-4-ல் 50, 2020 ஏப்ரலிலிருந்து 10. கந்தகம் எரிந்து உண்டாகும் அமிலத்தை அடக்கத்தான் ஆயிலில் காரம் சேர்க்கிறார்கள். அந்த வேலை இப்போது குறைந்துவிட்டது. பத்தாயிரம் என்பவர்கள் சர்வீஸ் புத்தகத்தின் முதல் அட்டவணையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் இன்னொரு அட்டவணை இருக்கும்: தூசி ரோடு, சுமை, குட்டிக் குட்டி ஓட்டம் இருந்தால் சீக்கிரம் மாற்று என்று. மூலனூரில் ஆடிக்காற்று அடிக்கும்போது எதிரே வரும் லாரி தெரியாது. நம் வண்டி ஓடுவது அந்த இரண்டாவது பக்கத்தில்தான். நான் ஏழாயிரத்து ஐந்நூறில் மாற்றுகிறேன், ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை. கேட்டில் ஏசி போட்டு நின்ற நேரம் மீட்டரில் ஏறுவதில்லை என்பதால் இந்தக் கழிவு. ஃபில்டர் ஒவ்வொரு தடவையும் புதுசு. ஆயில் கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், டீசலில் ஊற்றிய சில நாளிலேயே கறுக்கும். பார்க்க வேண்டியது அளவு. வாரம் ஒருமுறை, சமதளத்தில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள்.

ஆயில் மாற்றும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆயில் வடிக்கும் போல்ட்டின் வாஷர் மட்டும் புதுசாகப் போடச் சொல்லுங்கள். டின்னை உங்கள் கண்ணெதிரில் உடைக்கட்டும். காலி டின்னில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள், முழுசாகப் போகும் டின்களில்தான் போலி ஆயில் திரும்பி வருகிறது. ஏர் ஃபில்டரை நம் பக்கம் ஆயிலைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். யூனிட் வாசலிலேயே நிற்கும் வண்டியில் பஞ்சுத் தூசி மெத்தை மாதிரி படிகிறது. அதன் பெட்டியில் ஒரு கிளிப் சரியாக விழாவிட்டாலும் போதும், மண் நேராக டர்போவின் இறக்கையில் போய் அடிக்கும்.

இந்த மாதிரி வண்டியைப் பழைய கார் கன்சல்டிங்கில் வாங்கப் போகிறீர்களா? பாலிஷைப் பார்க்காதீர்கள். இன்டர்கூலர் ஹோஸ் ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே லேசான ஆயில் ஈரம் இருக்கும், அது பரவாயில்லை. சாய்த்தால் ஒழுகினால் விலையில் டர்போ, குழாய், சேம்பர் வேலை மூன்றையும் கழித்துப் பேசுங்கள். "டர்போ போன மாசம்தான் புதுசா போட்டதுங்க" என்று சொன்னால், குழாய் மாற்றிய பில்லைக் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.