கேள்வி கேட்டு எழுதும் கோப்பு

தோல் தொழில் எங்கள் பகுதிக்குச் சோறு போட்டது. பாலாற்றுக்குப் பழியையும் சேர்த்தது. ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ள திமிரியில் இருப்போர்க்கு இராணிப்பேட்டை ஆலைகள் அயலூர்ச் செய்தி அல்ல. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. பின்னர் 2014இல், தோல் பதனிடுதல் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தொடர் கண்காணிப்புக் கருவிகளை நிறுவி, அளவுகளை இணையவழி அனுப்பவேண்டும் என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பணித்தது.

அளவு வராத நாளில் என்ன பொருள் கொள்வது? நீர் தூயதா, மின்சாரம் நின்றதா, கணிப்பொறி முடங்கியதா? மௌனத்தைத் தூய்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. ஆதலின், நீரை அளக்கும் கணிப்பொறியையும் ஒருவர் கவனிக்கவேண்டும். அதற்கான முறையையே இங்கு விளக்க முற்படுகிறேன்.

நெறிமுறை

எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை, சுருக்கமாக எஸ்.என்.எம்.பி., 1988இல் வெளியிடப்பெற்றது. இதில் இரு தரப்பினர் உண்டு. கவனிக்கப்படும் பொறியில் இயங்குவது முகவர் நிரல். அதனிடம் விவரம் கேட்பது மேலாளர் நிரல். மேலாளரின் கேள்வி முகவரின் 161ஆம் துறைக்கு வரும். முகவர் தானாக அனுப்பும் எச்சரிக்கை மேலாளரின் 162ஆம் துறைக்குச் செல்லும்.

லினக்ஸ் பொறிகளில் இப்பணிக்குப் பெரிதும் வழங்குவது நெட்-எஸ்.என்.எம்.பி. என்னும் இலவசத் தொகுப்பு. அதன் முகவர் எவ்வாறு நடக்கவேண்டும் என்பதை ஓர் அமைவுக் கோப்பு கூறும். அக்கோப்பின் இலக்கணம் புதியவரை மருட்டும். எனவே, கேள்வி கேட்டுக் கோப்பை எழுதித் தரும் ‘எஸ்.என்.எம்.பி.கான்ஃப்’ என்ற சிறு நிரலையும் உடன் வைத்துள்ளனர். இது பெர்ல் மொழியில் ஆனது. கட்டளை வரியில் இதன் பெயரை, ‘ஜி’ என்னும் தெரிவோடும் ‘பேசிக் செட்டப்’ என்னும் தொகுதிப் பெயரோடும் தட்டினால் உரையாடல் தொடங்கும்.

கேள்விகளும் விடைகளும்

சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் அளவுகளை அனுப்பும் லினக்ஸ் பொறி இருப்பதாகக் கொள்வோம்.

1. பொறியின் விவரம்: இருக்கும் இடம் எது, பொறுப்பாளர் யார் எனக் கருவி கேட்கும். ‘அலுவலகம்’ என்று எழுதுவதால் பயனில்லை. ‘வெளியேற்றுக் குழாய் அறை, வடக்குச் சுவர்’ என்றால் இரவுப் பணியாளரும் கண்டுபிடிப்பார். அடுத்து, பொறி ஆற்றும் பணிகளை ஆம் அல்லது இல்லை எனக் கேட்டு ஓர் எண்ணைக் கணக்கிடும். முனைக்கு முனை இணைப்புக்கு 8, பயன்பாட்டுப் பணிக்கு 64. சாதாரணக் கணிப்பொறிக்கு மொத்தம் 72.

2. அனுமதி: இதுவே உயிர்நிலை. விவரங்களைப் படிக்கக் குறிச்சொல் எது, எந்த முகவரியிலிருந்து ஏற்கலாம் என்று கருவி கேட்கும். முகவரிக்கு விடையளிக்காமல் ரிட்டர்ன் விசையை அழுத்தினால் ‘எல்லோருக்கும்’ என்று பொருள்! உலகறிந்த ‘பப்ளிக்’ என்னும் குறிச்சொல்லையும் இட்டுவிட்டால் வாயிற்கதவைத் திறந்து வைத்ததாகும். மேலும், முதல் இரு பதிப்புகளில் குறிச்சொல் மறைக்கப்படாமலே கம்பியில் செல்கிறது. மூன்றாம் பதிப்பில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மறையாக்கமும் உண்டு; அதனையே தேர்க. எழுதும் அனுமதியை யாருக்கும் அளிக்காதிருத்தல் நன்று.

3. எச்சரிக்கை செல்லும் இடம்: ‘டிராப்’ என்பது ஒப்புகையில்லாத அஞ்சலட்டை போன்றது, போய்ச் சேர்ந்ததா என அனுப்பியவர் அறியார். ‘இன்ஃபார்ம்’ என்பது ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபால். நம் நிலையத்திற்கு இரண்டாவதே ஏற்றது.

4. உட்கண்காணிப்பு: எந்த நிரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வட்டில் எவ்வளவு இடம் மிஞ்ச வேண்டும், பணிச்சுமை எதுவரை போகலாம் என்பவற்றைக் கூறலாம். அளவுகளை அனுப்பும் நிரலின் பெயரை இங்கு மறவாமல் குறித்தால், அது நின்றுபோனதை மேலாளர் கேட்டறிய இயலும்.

எழுதிய பின்

முடித்ததும் நாம் நிற்கும் கோப்பகத்திலேயே கோப்பு உருவாகும். ஒவ்வொரு வரிக்கும் மேல் விளக்கக் குறிப்பும் இருக்கும், படித்துச் சரிபார்க்கலாம். முகவர் தேடும் இடத்திற்கு அதனை மாற்றி, பிறர் படிக்கவியலாதபடி அனுமதியைக் குறைத்து, முகவரை மீண்டும் தொடங்கவேண்டும். பின்பு மேலாளர் பொறியிலிருந்து கேட்டுப்பார்த்து விடை வருகிறதா எனவும், அனுமதியற்ற பொறியிலிருந்து கேட்டு விடை மறுக்கப்படுகிறதா எனவும் சோதித்தல் வேண்டும். இரண்டாவது சோதனையைப் பலரும் விட்டுவிடுகின்றனர்.

ஒன்று மட்டும் எஞ்சும். மின்சாரம் அறவே நின்றால் முகவரால் எச்சரிக்கையே அனுப்ப முடியாது. ஆகவே மேலாளர் குறித்த இடைவெளியில் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். விடை வராமையையும் ஒரு செய்தியாகப் பதிவு செய்யவேண்டும்.

முடிவுரை

கருவி இலக்கணப் பிழையின்றி எழுதித் தரும்; ஆனால் யார் பார்க்கலாம், யாருக்குச் சொல்லவேண்டும், எது நின்றால் ஆபத்து என்பவற்றை அது அறியாது. அவற்றை நிலையத்தைச் சுற்றிப்பார்த்துத் தாளில் எழுதிக்கொண்ட பிறகே விசைப்பலகையின் முன் அமரவேண்டும். கணிப்பொறி பயிலும் நண்பர்களே, நம் ஆற்றங்கரையிலும் இக்கல்விக்கு வேலை உண்டு. ரிட்டர்ன் விசையை அழுத்துமுன் கேள்வியை ஒருமுறை படியுங்கள்.