மொன்றியலில் சமுதாய உளவியல் படிக்க விருப்பமா?

ஒருவரின் மனதை மட்டும் பார்க்காமல் அவருடைய வேலை, வாடகை, அயல், மொழி என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது சமுதாய உளவியல். 1965இல் அமெரிக்காவின் ஸ்வாம்ப்ஸ்காட் மாநாட்டில் உருப்பெற்ற துறை இது.

● எங்கே படிப்பது? மொன்றியலின் யூகாம் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் ஆய்வு நடக்கிறது, பாடமொழி பிரெஞ்சு. ஆங்கிலத்தில் படிக்க ஒன்ராறியோவின் வில்ஃப்ரிட் லோரியர் பல்கலைக்கழகத்தில் முதுகலையும் முனைவர் பட்டமும் உண்டு.

● எவ்வளவு காலம்? கியூபெக்கில் ‘உளவியலாளர்’ என்று போட்டுக்கொள்ள 2006 முதல் முனைவர் பட்டம் கட்டாயம்; உரிமமும் வேண்டும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்களுக்குச் சமூகப்பணி இளங்கலை குறுக்குவழி. அதை முடித்தாலே சமூகப் பணியாளர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

● பிரெஞ்சு தெரியாதா? உரிமம் பெற அது தேவை. கியூபெக் அரசின் ‘பிரான்சிசாசியோன் கெபெக்’ பிரெஞ்சு வகுப்புகள் இலவசம்.

● தமிழ் கைகொடுக்குமா? நன்றாகவே. “நெஞ்சு பாரமாக் கிடக்கு” என்று ஒரு தாய் சொன்னால், அது இதய நோயா, ஊரை விட்டு வந்த துயரமா? சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் பிடிபடாது. இதற்காகவே மொன்றியல் யூதப் பொது மருத்துவமனையில் 1999இல் தொடங்கிய பண்பாட்டு ஆலோசனைச் சேவை, மொழிபெயர்ப்பாளர்களோடு பண்பாட்டை விளக்குபவர்களையும் அழைக்கிறது.

● முதல் படி: தமிழர் வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன், கோட் டே நேஜ் பகுதிகளின் சமூக அமைப்புகளில் தொண்டராகச் சேரலாம். எவை எங்கே இருக்கின்றன என்று அறிய 211க்கு அழையுங்கள்.