சிப்பத்தில் ஏறும் லோகோ

அன்புள்ள தம்பிக்கு,

அரிசி ஆலைக்கு வரைந்த லோகோவை எந்த ஃபைலாக அனுப்புவது என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் அச்சகத்தில் விசாரிக்க வேண்டியது ஒன்று உண்டு: எதன் மேல் அடிக்கப் போகிறார்கள்?

நெய்த பிளாஸ்டிக் சாக்கின் மேலேயே ஃபிளெக்ஸோவில் அடிப்பது ஒரு வகை. நிறத்துக்கு ஒரு பிளேட் என்பதால் இரண்டு மூன்று நிறங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நெற்கதிரின் நுனியை முடியிழை போல வரைந்தால் நெசவின் மேடுபள்ளத்தில் கோடு விட்டுவிட்டுத்தான் விழும். பளபளப்பான சிப்பங்கள் வேறு வகை. அவற்றுக்கு மெல்லிய ஃபிலிமில் கிரேவ்யூரில் அச்சிட்டு, அதைச் சாக்குத் துணியோடு ஒட்டுவார்கள். இங்கே நிறத்துக்கு ஒரு சிலிண்டர். வெள்ளைக்கும் தனியாக ஒன்று.

சிலிண்டர் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று பார். 2022 ஜூலை 18 முதல், பொதிந்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அந்த வரியைத் தவிர்க்க ஆலைகள் பல 26 கிலோ சிப்பத்துக்குத் தாவின. மாறியது ஒரே ஓர் எண்தான். ஆனால் அந்த எண் எத்தனை நிறத்தில் இருந்ததோ அத்தனை சிலிண்டரையும் புதிதாகச் செதுக்க வேண்டும். எடையைக் கருப்பில் மட்டும், அடிநிறத்தின் மேல் ஓவர்பிரின்ட்டாக வைத்திருந்தால் ஒரு சிலிண்டரோடு செலவு முடியும். டிசைனர் மிச்சப்படுத்தித் தரக்கூடிய பணம் இது.

லோகோவை வெக்டராகவே வரை: ஏஐ, சிடிஆர், இபிஎஸ், பிடிஎஃப் எதுவானாலும் சரி. அளவு மாறும் தொல்லை காவிரி டெல்டாவுக்குப் பழையது. 1713இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்தன, அதனால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. மிஷனரி சீகன்பால்குவின் குழு அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது. ஈயத்தில் அளவுக்கு ஒரு வார்ப்பு வேண்டும். வெக்டரில் வளைவுகள் கணக்காக இருப்பதால் விசிட்டிங் கார்டுக்கும் குடோன் சுவருக்கும் ஒரே ஃபைல் போதும். ஜேபெக் அப்படியல்ல. 1,000 பிக்சல் அகலப் படத்தை 12 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 83 பிக்சல்தான் தேறும். அச்சுக்கு வழக்கமாகக் கேட்பது 300.

நிறத்தில்தான் சண்டையே வரும். திரை ஒளியைக் கலக்கிறது, அச்சகம் மையைக் கலக்கிறது. ஆர்ஜிபியில் நாற்றங்கால் போல மின்னும் பச்சை, சிஎம்ஒய்கேயில் மங்கிவிடும். அந்தப் பச்சைதான் வேண்டுமென்று முதலாளி பிடிவாதம் பிடித்தால் தனி மையாகக் கேள். பான்டோன் எண்ணையும் குறித்துக் கொடு. தஞ்சாவூர் ஓவியத்துத் தங்கப் பளபளப்பு நான்கு மைகளில் வரவே வராது. தங்க மை அல்லது ஃபாயில் வேண்டும். பிஎன்ஜியில் சிஎம்ஒய்கே கிடையாது, அதை இணையதளத்துக்கு வைத்துக்கொள்.

தமிழ் எழுத்துகளை ‘கர்வ்’ ஆக்காமல், அதாவது வளைகோட்டு வடிவங்களாக மாற்றாமல், அனுப்பாதே. பாமினியில் அடித்த பெயர், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். மெய்யெழுத்தின் புள்ளிகளெல்லாம் அரைப்புள்ளிகளாகிவிடும். கர்வ் ஆக்காத மூலப் பிரதி உன்னிடமே இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் போட்டோவாக வேண்டாம், டாக்குமென்டாக அனுப்பு. முதலாளி செல்போனில் பார்த்துத் தலையாட்டியதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதே. ஃபிலிமில் எடுத்த புரூஃபில் கையெழுத்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்