இளையோர் கைப்பேசி: விதியும் விலக்கும்

திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் அறத்தை விளக்குங்கால் விதி, விலக்கு என்னும் இரு கூறுகளையும் ஒருங்கே வைத்து எண்ணுவார். பதின்பருவத்தினரின் கைப்பேசி குறித்து இல்லங்களும் பள்ளிகளும் வகுக்கும் ஒழுங்குகளை நோக்கின், விலக்கு மிகுந்தும் விதி அருகியும் காணப்படுகின்றன. ‘தொடாதே’ என்போர் பலர். ‘இன்னதற்கு, இன்னவாறு பயன்படுத்து’ என்போர் சிலரே.

விலக்கு வேண்டா என்பது இதன் பொருளன்று. பிரான்சு நாடு 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் கைப்பேசிப் பயன்பாட்டைத் தடை செய்தது. கருவியோ பையினுள்ளேயே இருந்தது. பையிலிருந்து கைக்கு வர எத்துணை நேரமாகும்? எனவே 2024 இல் ஏறத்தாழ 200 பள்ளிகளில், காலையில் கருவியை ஒப்படைத்து மாலையில் பெற்றுச்செல்லும் முறையைச் சோதித்தனர். பள்ளி நேரத்திற்கு இஃது ஏற்புடையதே. நம்மிடையே ஒரு முரண் உண்டு. பகலில் கைப்பேசியைப் பறிமுதல் செய்யும் பள்ளியே இரவு ஒன்பது மணிக்கு வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகின்றது!

இந்திய ஊரகப் பிள்ளைகளின் கல்விநிலையை ஆராய்ந்த ‘அசர்’ 2024 அறிக்கை, 14 முதல் 16 அகவையினருள் 82.2 விழுக்காட்டினர் திறன்பேசியை இயக்க அறிவர் என்கின்றது. அவர்களுள், ஆய்வுக்கு முந்திய வாரத்தில் கல்விக்காக அதனைப் பயன்படுத்தியோர் 57 விழுக்காட்டினர். சமூக ஊடகத்திற்காகப் பயன்படுத்தியோர் 76 விழுக்காட்டினர். பெற்றோர் அஞ்சுவது இவ்வெண்ணையே. மற்றோர் எண்ணைப் பேசுவார் அரியர். இயக்கத் தெரிந்தோருள் சொந்தக் கருவி உடைய ஆண்பிள்ளைகள் 36.2 விழுக்காடு, பெண்பிள்ளைகள் 26.9 விழுக்காடு.

இவ்வேறுபாடு இல்லங்களில் எவ்வாறு நிகழ்கின்றது என்பதைப் பெரியோர் அறிவர். தமையனுக்கு நள்ளிரவிலும் தடையில்லை; தங்கைக்கோ ‘படிப்பு முடியட்டும்’ என்னும் விடையே. அவளுடைய வகுப்புக் குறிப்புகள் அவன் எண்ணுக்கு வருகின்றன. கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் இணையத்தில் விண்ணப்பிக்குங்கால் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அவ்வெண்ணுக்கே செல்கின்றது. அவன் வெளியூரில் அழைப்பை எடுக்காதிருப்பின், இறுதி நாளன்று அவள் விண்ணப்பம் பாதியில் நிற்கும்.

பாதுகாப்புக் கருதியே மறுக்கின்றோம் என்பர் பெற்றோர். அவ்வச்சம் பொய்யன்று, படத்தைத் திரித்து மிரட்டுவோர் உளர். ஆயினும், அறிமுகமற்றவரைத் தடுப்பது எவ்வாறு, எவரிடம் முறையிடுவது என ஒருநாளும் கற்பிக்கப்படாத பெண், பின்னாளில் கருவியைத் தனியே பெறும்போது யாது செய்வாள்? தமையனின் நள்ளிரவுப் பயன்பாட்டில் இடர் இல்லையென உரைத்தவர்தாம் யாவர்?

இரவு பத்து மணிக்குமேல் வீட்டிலுள்ள கைப்பேசிகள் அனைத்தும் கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜ் ஏறட்டும். தந்தையின் கருவியும் அதில் அடங்கும். பல இல்லங்களில் விதி முறிவது இவ்விடத்தில்தான். கடவுச்சொல்லை மாற்றுதல், கணக்கைப் பிறர் காணாவண்ணம் பூட்டுதல், இணையக் குற்ற உதவி எண் 1930 ஆகியவற்றை மகனுக்கும் மகளுக்கும் ஒருசேரக் கற்பிக்கலாம். தாயும் உடனமர்ந்து கற்பது நன்று. மகளுக்கு 18 அகவை நிறைந்ததும் அவள் பெயரிலேயே ஓர் எண் பெற்று, கல்லூரிப் பதிவேட்டில் அதனையே தருதல் வேண்டும். அதுகாறும் தமையனின் எண்ணினும் தாயின் எண் தக்கது.