கண்ணால் கண்டதைக் கை எழுதட்டும்



மத்தூரிலிருந்து பர்கூர்ப் பக்கம் சென்றால் மல்லப்பாடி என்னும் ஊர் உண்டு. அங்குள்ள மலைப்பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய பழஞ்சித்திரங்கள் இருக்கின்றன. விலங்கின்மேல் ஏறிய மனிதனை அவற்றில் காணலாம். அதை எழுதியவனுக்கு வர்ணப் பெட்டியும் இல்லை. பார்த்தெழுதப் புத்தகமும் இல்லை. கண்ட விலங்கே அவனுக்குப் பாடம்.

நம் பிள்ளைகளோ யானை வரையச் சொன்னால் அச்சுப் படத்தைத் தேடுகிறார்கள். அப்படி வரைவது பல சமயம் ஆப்பிரிக்க யானையாகிவிடுகிறது! அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் உலாவும் நம் யானைக்குக் காது சிறியது. தலையுச்சியில் இரு மேடுகள். துதிக்கை நுனியில் விரல்போல் ஒரே மடல். ஆப்பிரிக்க யானைக்கோ பெருங்காது, இரண்டு மடல். நம் யானையில் நீண்ட தந்தம் ஆணுக்கே உண்டு.

அதற்காக யானையைத் தேடிக் காட்டுக்குள் போகவேண்டாம். அது உயிருக்கே ஆபத்து. ஏரிக்கரைக் கொக்கும் வேலியோரத்து ஓணானும் போதும். முதலில் கால் மணி நேரம் காகிதமின்றிப் பாருங்கள். கொக்கின் கழுத்து எங்கே வளைகிறது? முழங்கால்போல் தோன்றுவது உண்மையில் கணுக்கால் என்பதைக் கவனித்தீர்களா? பிறகு வரையுங்கள். மறுநாள் சித்திரத்தோடு சென்று ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

பெற்றோரே, சித்திரம் கோணலாயிருந்தால் நகைக்காதீர்கள். இப்படிப் பார்க்கப் பழகிய பிள்ளை கொக்கின்மேல் கல்லெறியாது; மல்லப்பாடிப் பாறையில் தன் பெயரைக் கிறுக்கவும் துணியாது.