குறையுள்ள சரக்கும் திருப்பிக் கொடுக்கும் உரிமையும்

தொழுகை, நோன்பின் சட்டங்களைக் கற்பது போலவே, கொடுக்கல் வாங்கலின் சட்டங்களையும் நாம் கற்றாக வேண்டும். நம் வீட்டு உணவு ஹலாலா ஹராமா என்பது கடைத்தெருவில்தான் தீர்மானமாகிறது.

இராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையொன்றில் கேமரா வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் பார்த்தபோது குறை ஏதும் தெரியவில்லை. ஊர் வந்து பத்துப் படம் எடுத்த பிறகே, எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி விழுவது தெரிகிறது. பில்லிலோ, "விற்ற சரக்கு வாபஸ் பெறப்படாது" என்று அச்சிட்டிருக்கிறது. மார்க்கத் தீர்ப்பு என்ன?

இத்தகைய மறைவான குறை புதிதல்ல. மடி கனத்துத் தெரிவதற்காக, ஆட்டையும் ஒட்டகத்தையும் சில நாள் கறக்காமல் விட்டு விற்பவர்கள் அரபு நாட்டில் இருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர் கறந்து பார்த்தபின் வைத்துக்கொள்ளலாம். அல்லது மூன்று நாட்களுக்குள், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். கறந்தால்தான் மடி தெரியும்; படம் எடுத்தால்தான் கேமரா தெரியும்.

ஃபிக்ஹு நூல்கள் இவ்வுரிமையைக் 'கியாருல் ஐபு' என்கின்றன. அதன் சட்டங்களாவன:

1. குறை, சரக்கு கைக்கு வருமுன்பே இருந்ததாக இருக்க வேண்டும். நாம் கீழே போட்டு உடைத்ததற்குக் கடைக்காரர் பொறுப்பல்லர்.

2. ஷாஃபிஈ மத்ஹபில், குறை தெரிந்ததும் தாமதமின்றித் திருப்ப வேண்டும். இரவில் தெரிந்தால் காலைவரை பொறுக்கலாம். ஹனஃபீ மத்ஹபில் தாமதத்தால் மட்டும் உரிமை போகாது. ஆனால் தெரிந்த பிறகும் உபயோகித்தால், இரு மத்ஹபிலும் அது சம்மதமாகிவிடும்.

3. குறையை அறிந்த வியாபாரி அதைச் சொல்லியே விற்க வேண்டும், மறைப்பது ஹராம். ஷோகேஸில் இருந்ததையும், பழுது பார்த்ததையும் புதிதென்று விற்பது மோசடி. குறையை அறிந்த மூன்றாமவரும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

4. குறையே இல்லாமல், மனம் மாறித் திருப்பினால் ஏற்பது கடமையல்ல. எனினும் ஏற்பவருக்குப் பெரும் நன்மை உண்டு. இதுவே 'இகாலா'.

வாங்குபவருக்கும் அமானிதம் உண்டு. ஒரு விசேஷத்துக்குப் படம் பிடித்துவிட்டு, மறுநாள் இல்லாத குறையைச் சொல்லிப் பணம் கேட்பவரும் மோசடிக்காரரே.

நாட்டுச் சட்டமும் இதற்கு அருகில் நிற்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள சரக்கைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அவ்வாறே. ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்கும் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ஆகவே பில்லையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். முதல் நாளே சோதித்துப் பாருங்கள்.

வழக்கில் வென்றுவிடலாம், மறைத்து விற்ற காசில் பரக்கத் இராது. அல்லாஹ் நம் வியாபாரத்தைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.